இரண்டு சென்டிமீட்டர் தடிமனுக்குள்

நாகமலை புதுக்கோட்டையை ஒட்டியிருக்கும் கீழக்குயில்குடி சமணர் மலை, கேமராக்களைச் சோதித்துப் பார்க்கத் தோதான இடம். மலையின் மேலே பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்கள் ஒரே வரிசையில் வெட்டவெளியில் இருக்கின்றன. அவற்றின் கீழே, சிற்பங்களைச் செய்வித்தவர்களின் பெயர்கள் வட்டெழுத்தில் ஆழமில்லாமல் வெட்டப்பட்டிருக்கின்றன. மலையின் இன்னொரு பக்கம், செட்டிப்புடவுக் குகையின் வெளியே பெரிய தீர்த்தங்கரர் உருவம். உள்ளே அரையிருட்டில், சிங்கத்தின் மீதமர்ந்து யானை மேல் வருபவனோடு போரிடும் இயக்கி. கண்ணைக் கூசவைக்கும் வெயில், குகை இருட்டு, மங்கிய எழுத்து மூன்றும் ஒரே காலை நடையில் எதிர்ப்படும்.

எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் 2010 வாக்கில் தொடங்கிய பசுமை நடை என்ற குழு, இதுபோன்ற மலைகளுக்கு மதுரைக்காரர்களைக் கூட்டங்கூட்டமாக அழைத்து வந்திருக்கிறது. அந்த ஆண்டுகளில் பலருடைய சட்டைப்பையில் இருந்தது கையடக்க டிஜிட்டல் கேமரா. இரண்டு சென்டிமீட்டர் தடிமனுள்ள அந்தச் சிறு பெட்டி சில படங்களை அற்புதமாக எடுக்கும், சிலவற்றில் திணறும். இரண்டுக்குமே காரணம் அந்தத் தடிமன்தான்.

டிஜிட்டல் கேமரா பிறந்தபோது பையில் வைக்கக்கூடிய பொருளாக இல்லை. 1975இல் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய முதல் மாதிரி சுமார் 3.6 கிலோ எடை. நூறுக்கு நூறு புள்ளிகள் கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை அது கேசட் நாடாவில் பதிய 23 விநாடி ஆனது. இருபது ஆண்டு கழித்து, 1995இல் வந்த காசியோ க்யூவி-10 தான் பின்பக்கத்தில் சிறு திரையைப் பொருத்தி, எடுக்கப்போகும் படத்தை முன்கூட்டியே பார்க்கும் வசதியைப் பொதுமக்களுக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு கேமராவை மெலிதாக்கும் போட்டி ஆரம்பமானது.

மெலிதாக்கத் தடையாக நின்றது லென்ஸ். தூரத்துப் பொருளைக் கிட்டத்தில் காட்டும் ஜூம் லென்ஸுக்கு நீளம் வேண்டும். பொறியாளர்கள் இதற்குப் பல வழிகள் கண்டார்கள். பரவலானது, எவர்சில்வர் டப்பாக்களை ஒன்றுக்குள் ஒன்று அடுக்குவதுபோல் லென்ஸ் குழாய்களை அடுக்கி, கேமராவை அணைத்ததும் உள்ளே இழுத்துக்கொள்ளும் முறை. 2002இல் மினோல்டா டிமாஜ் எக்ஸ் வேறு பாதையில் போனது. முகப்பில் ஒரு பட்டகத்தை வைத்து ஒளியை 90 டிகிரி திருப்பி, லென்ஸ்களைக் கேமராவின் உடலுக்குள் செங்குத்தாக நிறுத்தினார்கள். அதில் வெளியே நீளும் பாகமே கிடையாது. அடுத்த ஆண்டு வந்த பென்டாக்ஸ் ஆப்டியோ எஸ், குழாய்கள் மடங்கும்போது நடு லென்ஸ் தொகுதியை மட்டும் வரிசையிலிருந்து விலக்கி ஒதுக்கி நிறுத்தியது. மில்லிமீட்டர் கணக்கில் இடம் தேடிய அந்த வேலை, இயந்திரக் கலையின் உச்சங்களில் ஒன்று என்று தயங்காமல் சொல்லலாம்.

லென்ஸ் சிறுக்க வேண்டுமென்றால் அது படத்தை விழச்செய்யும் சென்சாரும் சிறுக்க வேண்டும். பெரும்பாலான கையடக்கக் கேமராக்களின் சென்சார் அகலம் சுமார் 6.2 மில்லிமீட்டர், உயரம் 4.6 மில்லிமீட்டர். பழைய 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் பரப்பில் முப்பதில் ஒரு பங்குதான். அதற்குள் 1 கோடியே 60 லட்சம் புள்ளிகளை நெருக்கினால், ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் சுமார் 750 புள்ளிகள் நிற்கும். ஒவ்வொன்றின் மீதும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றில் ஒரு நிற வடிகட்டி உண்டு. கோடாக்கின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது: நான்கில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். விடுபட்ட நிறங்களைப் பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு கேமராவின் சில்லு கணக்கிட்டு நிரப்புகிறது.

செட்டிப்புடவுக்குள் நுழைந்ததும் கேமரா தடுமாறுவது இதனால்தான். இத்தனை சிறிய புள்ளியில் விழும் ஒளி மிகக் குறைவு. அதைப் பெருக்கும்போது கூடவே மின் இரைச்சலும் பெருகி, கல்லின் மேற்பரப்பு பொரிப்பொரியாகத் தெரியும். படத்தில் அந்தப் பொரியை அழிக்க மென்பொருள் முயன்றால், உளித்தடங்களும் சேர்ந்து அழிந்துபோகும். மெகாபிக்சல் எண்ணிக்கையை விளம்பரத்தில் பெரிதாகப் போட்டு விற்ற காலம் வாங்குவோருக்குச் செய்த அநியாயம் இது. குகைக்குள் 8 மெகாபிக்சல் கேமரா 16 மெகாபிக்சலுக்குச் சளைக்காமல் படம் தரலாம்.

அதே சிறிய சென்சார் பேச்சிப்பள்ளத்தில் கைகொடுக்கிறது. சிறிய சென்சாருக்குச் சிறிய குவியத்தூரம் போதும். அகன்ற காட்சிக்கு உண்மையில் 5 மில்லிமீட்டர் அளவே. அதனால் முன்னால் இருக்கும் பாறை விளிம்பு முதல் பின்னால் இருக்கும் சிற்பம் வரை எல்லாம் ஒருசேரத் தெளிவாக விழும்.

நடுப்பகல் வெயிலைச் சமாளிப்பதில் மறைவான ஒரு ஏற்பாடு உண்டு. பெரிய கேமரா ஒளித்துளையைச் சுருக்கிக்கொள்ளும். கையடக்கக் கேமராவில் துளையை அதிகம் சுருக்கினால் விளிம்பு விளைவால் ஒளி பரவி, படம் மழுங்கிவிடும். அதனால் பல மாடல்களில் துளை சுருங்குவதில்லை. சாம்பல் நிற வடிகட்டி ஒன்று குறுக்கே வந்து ஒளியைக் குறைக்கிறது.

ஃபிளாஷ் விஷயத்தில்தான் வடிவமைப்பின் விலை அதிகம். இடமில்லாததால் லென்ஸுக்கு அருகிலேயே அதை வைத்திருக்கிறார்கள். நேர் எதிரே இருந்து வரும் ஒளியில் நிழல் விழாது; நிழல் இல்லாவிட்டால் ஆழமில்லாத எழுத்து கல்லோடு கல்லாகிவிடும். வட்டெழுத்தைப் படமெடுக்க ஃபிளாஷை அணைத்துவிட்டு, காலை அல்லது மாலைச் சாய்வெயிலுக்குக் காத்திருக்க வேண்டும். நிழலான இடமென்றால் ஒருவர் டார்ச்சைப் பாறையை ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்க, கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, இரண்டு விநாடி டைமரில் விடலாம். கேமராவின் அடியில் உள்ள திருகுத் துளை, பெரிய கேமராக்களில் உள்ள அதே கால் அங்குல அளவுதான். எழுத்து தெரிய வேண்டுமென்று சுண்ணாம்புக்கட்டி தேய்ப்பதோ, எண்ணெய் தடவுவதோ கூடவே கூடாது. ஆயிரமாண்டு கடந்த எழுத்தை அது கெடுக்கும்.

சிறிய உடலுக்குள் பெரிய சென்சார் என்ற ஆசையை 2012இல் சோனி ஆர்எக்ஸ்100 நிறைவேற்றியது. 13.2க்கு 8.8 மில்லிமீட்டர் சென்சார், எஃப் 1.8 வரை திறக்கும் லென்ஸ், எடை 240 கிராம். வழக்கமான கையடக்கக் கேமராவின் சென்சாரைப்போல் பரப்பு நான்கு மடங்கு என்பதால் குகைக்குள் அது நிம்மதியாக வேலை செய்யும். ஆனால் அதற்குள் செல்போன் வந்து சந்தையை அள்ளிக்கொண்டது. 2010இல் உலகெங்கும் பத்துக் கோடிக்கு மேல் அனுப்பப்பட்ட லென்ஸ் கழற்ற முடியாத கேமராக்கள், 2023இல் 20 லட்சத்துக்கும் கீழே போயின.

இப்போது வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய கேமராவை வெளியே எடுப்பவர்களும், பழையதைத் தேடி வாங்குபவர்களும் கூடியிருக்கிறார்கள். வாங்கும்போது லென்ஸ் தடங்கலின்றி வெளியே வந்து உள்ளே போகிறதா என்று பத்து முறையாவது பார்க்க வேண்டும். குழாய்களின் இடுக்கில் நுழைந்த மணல் பல்சக்கரங்களைச் சிக்கவைத்து, 'லென்ஸ் எரர்' என்று கேமராவை நிறுத்திவிடும். வெறும் வானத்தைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் சென்சாரில் படிந்த தூசு தெரியும். பேட்டரி மாடல் இன்னும் கடையில் கிடைக்கிறதா என்று கேட்பதும் அவசியம். பழுதானால் வீட்டில் ஸ்குரூ டிரைவரால் திறக்க வேண்டாம். ஃபிளாஷுக்கான கெப்பாசிட்டர், 3.7 வோல்ட் பேட்டரியிலிருந்து சுமார் 300 வோல்ட் வரை ஏற்றி வைத்துக்கொள்ளும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அந்த மின்சாரம் உள்ளே தங்கியிருக்கும்.