உடலுக்கு வெளியே ஒரு ரத்தக்குழாய்

டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிற விஷயம் இல்லை இது; நிதானமாகவே பேசுவோம். ரத்தக் கொதிப்பு என்றதும் நம் மனம் இதயத்துக்குப் போகிறது. ஆனால் அழுத்தத்தைப் பெருமளவு தீர்மானிப்பவை உடம்பெங்கும் பரவியிருக்கும் மிகச் சிறிய தமனிகள். குழாயின் விட்டம் பாதியாகச் சுருங்கினால், அதே அளவு ரத்தத்தை அதன் வழியே தள்ள 16 மடங்கு அழுத்தம் வேண்டும். கொஞ்சம் இறுகினாலே போதும், கணக்கு தலைகீழாகிவிடும்.

இந்தத் தமனியை உடலுக்குள் வைத்தே ஆராய்வது சிரமம். நரம்பு ஒரு பக்கம் இழுக்கும், ஹார்மோன் இன்னொரு பக்கம் இழுக்கும். குழாய் தானாக என்ன செய்கிறது என்று பிரித்தறிய, அதை வெளியே எடுத்து உயிரோடு வைத்திருக்க வேண்டும். அதற்கான ஏற்பாடுதான் பெர்ஃப்யூஷன் கருவி.

எலியின் குடலைத் தாங்கும் சவ்விலிருந்து 200 மைக்ரான் அளவுள்ள ஒரு தமனியை எடுத்துக்கொள்வோம். நுண்ணோக்கியின் கீழ், குளிர்ந்த கரைசலில் வைத்து, சுற்றியுள்ள கொழுப்பை நீக்குகிறார்கள். பிறகு அதன் வாயை ஒரு கண்ணாடிக் குழலின் கூர்முனையில் ஏற்றி, மயிரிழையைவிட மெல்லிய நைலான் இழையால் முடிச்சுப் போடுகிறார்கள். உள்ளே தங்கிய ரத்தத்தை மெல்லக் கழுவி வெளியேற்றிவிட்டு, மறுமுனையை இன்னொரு குழலில் கட்டுகிறார்கள். கை நடுங்கினால் குழாய் போயிற்று.

சுற்றிலும் க்ரெப்ஸ் கரைசல்: உப்புகளும் குளுக்கோஸும் கலந்தது, 37 டிகிரி சூடு. அதில் 95 சதவீதம் ஆக்சிஜனும் 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடும் குமிழியிட்டுக்கொண்டே இருக்கும். ஆக்சிஜன் உயிருக்கு, கார்பன் டை ஆக்சைடு, கரைசலில் உள்ள பைகார்பனேட்டோடு சேர்ந்து அமிலத்தன்மையை ரத்தத்தைப் போலவே 7.4 அளவில் நிறுத்துவதற்கு. அழுத்தத்துக்குப் பெரிய இயந்திரம்கூட வேண்டாம். கரைசல் பாட்டிலைக் குழாயின் மட்டத்திலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று மேலே தூக்கினால் 80 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் கிடைத்துவிடும். வெளிவழியை அடைத்துவிட்டு, பாட்டிலின் இணைப்பையும் மூடிப் பார்ப்பார்கள். அழுத்தம் இறங்கினால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். அந்தக் குழாயை எடுத்துப் போட்டுவிட வேண்டியதுதான்.

இனிமேல்தான் அதிசயம். நரம்பில்லை, மருந்தில்லை, ஆனாலும் சூடு ஏறியதும் குழாய் தானே இறுகுகிறது. அழுத்தத்தைக் கூட்டினால் உப்ப வேண்டியது, இன்னும் சுருங்குகிறது. லண்டனில் உடலியல் ஆய்வாளர் வில்லியம் பேலிஸ் 1902-இல் எடுத்துச் சொன்ன குணம் இது. அழுத்தம் ஏறி இறங்கினாலும் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் ஏறக்குறைய ஒரே சீராகப் போக இந்தக் குணம் பெரிதும் உதவுகிறது.

நீரோட்டத்தை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டுமா? இரண்டு முனையிலும் பாட்டில் வைத்து, ஒன்றை எவ்வளவு உயர்த்துகிறார்களோ மற்றதை அவ்வளவு தாழ்த்துகிறார்கள். இரு பக்கக் குழல்களும் ஒரே அளவாக இருந்தால் நடுவில் அழுத்தம் மாறாது, ஓட்டம் மட்டும் கூடும். அப்போது பல தமனிகள் விரிகின்றன. ஓட்டத்தின் உராய்வை உணர்ந்து அந்த உத்தரவைத் தருவது உட்சுவரில் ஒரே ஒரு செல் கனத்தில் படிந்திருக்கும் எண்டோதீலியம்.

அந்தப் படலத்தின் அருமையை உலகம் அறிந்தது நியூயார்க்கின் புரூக்ளினில். ஆய்வாளர் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் பெருந்தமனித் துண்டில் அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருளை விட்டபோது சில துண்டுகள் தளர்ந்தன, சில இறுகின. இறுகியவற்றில், வெட்டித் தயாரிக்கும்போதே உட்படலம் தேய்ந்து போயிருந்தது. படலம் உள்ள ஒரு துண்டை, படலம் நீக்கிய இன்னொன்றோடு முகத்துக்கு முகம் வைத்து அவர் சோதித்தார், படலமில்லாததும் தளர்ந்தது. ஏதோ ஒரு பொருள் இங்கிருந்து அங்கே போகிறது! 1980-இல் கட்டுரை வந்தது. அந்தப் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்பது பின்னர் உறுதியானது. 1998-இல் இக்னாரோ, முராட் ஆகியோருடன் அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

என்னைக் கேட்டால் இந்தக் கலையின் முழு நேர்மையும் அந்தப் படலத்தைக் காப்பதில்தான் இருக்கிறது. உள்ளே நுழையும் ஒரு காற்றுக் குமிழி போதும், அதை உரித்துவிட. அதனால்தான் நல்ல ஆய்வாளர்கள் முதலில் குழாயைச் சுருங்க வைத்து, பிறகு அசிடைல்கோலின் விட்டு, அது விரிகிறதா என்று பார்த்துவிட்டே வேலையைத் தொடங்குகிறார்கள். ஒரு மருந்து ரத்தக்குழாயை விரிக்கிறது என்று அடுத்த முறை எங்காவது படித்தால், சோதித்த குழாயில் அழுத்தம் இருந்ததா, உட்படலம் உயிரோடு இருந்ததா என்று தேடிப் பாருங்கள். இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் அந்த முடிவை அவசரப்பட்டு நம்பாதீர்கள்.