குதிரைவலுவுக்கு முன் எடையைக் கேளுங்கள்

மட்டக்களப்பு மாவட்டத்தின் வட அந்தத்தில், வாகரைக்கும் வெருகலுக்கும் இடையே இருக்கிறது கதிரவெளி. கிழக்கே கடல், கரையோரம் கச்சானும் கௌபியும் விளையும் மணல், மேற்கே நெல் வட்டைகள், ஊடே திருகோணமலைக்குப் போகும் ஏ15 வீதி. இங்கே ஓர் உழவு மெசின் மணல், சேறு, தார் மூன்றிலும் ஓடியாக வேண்டும். போதாததற்கு வயலும் ஒரே போகத்தில் இரண்டு முகம் காட்டும். மாரி மழைக்கு முன் புழுதி உழவு. மழை முந்திவிட்டால் அதே வரவையில் சேற்று உழவு.

மெசின் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, ‘எத்தனை குதிரை?’ என்றுதான். ‘எத்தனை கிலோ?’ என்பதை அதற்கு முன்னமே கேட்க வேண்டும். காய்ந்த நிலத்தில் மெசினுக்குப் பலம் தருவது எடை. சேற்றில் அதைப் புதைப்பதும் அதே எடைதான்.

எஞ்சினின் வலு கலப்பைக்குப் போய்ச்சேரும் வழியைப் பார்த்தால் இது விளங்கும். 45 குதிரைவலு என்று எழுதிய மெசினில், பின்னால் சுழலும் பீ.ரி.ஓ. தண்டுக்கு வரும்போது ஏறக்குறைய 38 மிஞ்சும். கொழுக் கலப்பையை இழுக்கும் வலு அதற்கும் அப்பால், டயர் வழியாக நிலத்தில் ஊன்றித்தான் வர வேண்டும். இறுகிய தரையில் இழப்பு குறைவு. இளகிய மண்ணில் டயர் வழுக்கும், அமிழும். எஞ்சின் வலுவில் பாதிகூடக் கலப்பைக்குக் கிடைக்காது. வழுக்கலைக் குறைக்க முன்னால் இரும்புக் கட்டிகளை மாட்டுகிறோம், பின் டயருக்குள் முக்கால்வாசி தண்ணீர் நிரப்புகிறோம். புழுதி உழவில் இது நல்ல வைத்தியம். சேற்றில் இதையே செய்தால் மெசின் இன்னும் ஆழப் போகும்.

எவ்வளவு ஆழம் போகும் என்பதைத் தீர்மானிப்பது வயலின் அடித்தட்டு. வருடக்கணக்காகச் சேறடித்து உழுத நெல் வயலில், உழும் ஆழத்துக்குக் கீழே மண் இறுகி ஒரு படையாகிவிடும். வயலில் தண்ணீரைத் தேக்கி வைப்பதும் மெசினைத் தாங்குவதும் அந்தப் படைதான். அளவுக்கு மீறிய பாரம் அதை உடைத்தால் அந்த இடத்தில் அடுத்த போகத்திலும் மெசின் புதையும், தண்ணீரும் கசியும்.

சேற்றுக்கு ரொட்டவேற்றர் பொருந்துவதும் இதனால்தான். அதன் கத்திகளுக்கு வலு டயர் வழியாக வருவதில்லை. நிமிடத்துக்கு 540 முறை சுழலும் பீ.ரி.ஓ. தண்டிலிருந்து நேரே வருகிறது. போகும் திசையிலேயே சுழலும் கத்திகள் மண்ணை வெட்டும்போது மெசினையும் முன்னே தள்ளுகின்றன. பெரிய எடை இல்லாமலே வேலை நடந்துவிடும்.

இந்தத் தத்துவத்தில் வாழ்வது லாண்ட்மாஸ்டர். கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்த இலங்கையர் ரே விஜேவர்தன 1950களின் நடுப்பகுதியில் வடிவமைத்த இருசக்கர மெசினின் பெயர் அது. பிற்பாடு ஜப்பானிய, சீன மெசின்கள் வந்தபோதும் ஊர் வாயில் எல்லாமே லாண்ட்மாஸ்டர்தான். 12 குதிரைவலு மெசின் கிட்டத்தட்ட ஒரு வளர்ந்த எருமையின் எடைதான் இருக்கும். ஒடுங்கிய வரம்பைத் தாண்டும், சின்ன வரவைக்குள் திரும்பும். விஜேவர்தன பின்னாளில் தன் கண்டுபிடிப்பையே கேள்விக்குட்படுத்தி, சிறு விவசாயிக்கு எருமை மேல் என்று வாதிட்டது வேறு கதை.

இனி வேலைக்கு ஏற்ற அளவு. இரண்டு மூன்று ஏக்கர் சேற்று வயலுக்கு லாண்ட்மாஸ்டர் தாராளம். காய்ந்து இறுகிய களியைக் கிளற அது போதாது. ஒன்பது கொழுக் கலப்பையை இழுக்க 45 குதிரைவலுவும் இரண்டு தொன்னை நெருங்கும் எடையும் உள்ள நாலுசக்கர மெசின் வேண்டும். மாஸி பெர்குசனும் டாஃபேயும் நம் வயல்களில் நிலைத்தது அந்த வேலையால்தான். ஐந்தடி ரொட்டவேற்றருக்கும் 40 முதல் 45 வரை போதும். சேற்று வேலையே கூடுதல் என்றால், அதே வலுவை ஒன்றரைத் தொன்னுக்குக் குறைந்த எடையில் தரும் நாலு சில்லும் இழுக்கும் மெசின்களைப் பார்க்கலாம். குபோட்டாவின் எல் வரிசை அத்தகையது. மணல் தோட்டத்துக்குப் பெரிய வலு தேவையில்லை. ஆழ உழுதால் ஈரந்தான் பறக்கும். நெல் மூட்டை ஏற்றிய பெட்டியை ஏ15இல் இழுக்க மட்டும் எடை மறுபடி துணைக்கு வருகிறது. இலேசான மெசினைப் பாரமான பெட்டி பள்ளத்தில் தள்ளிக்கொண்டு போகும். பிரேக் பிடித்தாலும் நில்லாது.

மெசின் எதுவானாலும் நிலத்தைத் தொடுவது டயர். பக்கச் சுவரில் 13.6-28 என்றிருந்தால் டயரின் அகலம் 13.6 அங்குலம், உள்ளே இருக்கும் றிம்மின் விட்டம் 28 அங்குலம். லாண்ட்மாஸ்டருக்கு வழமையானது 6.00-12. அடுத்து பல்லைப் பாருங்கள். ஆர்-1 என்பது பொது வேலைக்கு. ஆர்-2 நெல்லுக்கும் கரும்புக்கும் என்றே செய்தது; பல் ஏறத்தாழ இரண்டு மடங்கு உயரம். சேற்றில் நன்றாகப் பிடிக்கும், தார் வீதியில் சீக்கிரம் தேயும். டயரைப் பூட்டும்போது பல்லின் கூர்முனை முதலில் நிலத்தைத் தொடும்படி, பக்கச் சுவரின் அம்புக்குறி பார்த்துப் பூட்ட வேண்டும். மாறிப் பூட்டினால் பல்லிடையில் சேறு அடைத்து டயர் உருளையாகிவிடும்.

ஆழச் சேற்றுக்கு இரும்புச் சில்லுதான் கடைசி வழி. 1932இல் அமெரிக்காவின் அலிஸ்-சால்மர்ஸ் கம்பனி காற்று டயர் போட்ட உழவு இயந்திரத்தை இறக்கும் வரை உலகமெங்கும் இரும்புச் சில்லுதான் ஓடியது. நெல் வயல் மட்டும் அதை விடவில்லை. ஆனால் அதோடு வீதியில் ஏறினால் தார் கிழியும். கழற்றி ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

டயர் நிலத்தை அமுக்கும் அழுத்தம், உள்ளே அடித்த காற்றின் அழுத்தத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். அதனால் மணலிலும் வயலிலும் பின் டயருக்குச் சதுர அங்குலத்துக்கு 12 முதல் 14 இறாத்தல் வரை பொதுவாகப் போதும். பெட்டி இழுக்கும் நாளில் டயர்க் கம்பனி சொன்ன அளவுக்கு ஏற்றுங்கள்.

எடை சரிதானா என்று வயலிலேயே பார்க்கலாம். பின் டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு. கலப்பையைத் தூக்கியபடி பத்துச் சுற்றுக்கு எவ்வளவு தூரம், இறக்கி உழுதபடி எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். முதலாவது 40 மீற்றர், இரண்டாவது 35 என்றால் வழுக்கல் நூற்றுக்குப் பன்னிரண்டரை. காய்ந்த நிலத்தில் 8 முதல் 15 வரை நல்லது. அதற்குக் குறைந்தால் வீண் பாரம் சுமந்து டீசல் எரிக்கிறீர்கள். கூடினால் டயர்தான் தேய்கிறது.

புதைந்த மெசினின் பின் சில்லுக்குக் குறுக்கே மரக்கட்டையைக் கட்டி ஓட்டுவது மட்டும் வேண்டாம். சில்லு சுற்ற முடியாமல் நின்றால் மெசினின் முன்பக்கம் எழும்பி ஓட்டுபவர் மேலேயே கவிழும். வேறொரு மெசினை வைத்து, தாழ்வான கொளுவியில் சங்கிலி போட்டு இழுப்பதுதான் சரி.

ஆகவே வேலைகளை எழுதிப் பார்த்து, அதிக மணித்தியாலம் எந்த நிலத்தில் போகிறதோ அதற்கு மெசின் வாங்குங்கள். சொந்த வயல் மட்டும் உழுபவர் லாண்ட்மாஸ்டரை வைத்துக்கொண்டு புழுதி உழவுக்குப் பெரிய மெசினைக் கூலிக்குப் பிடிப்பது லாபம். கூலிக்கு ஓட்டுபவருக்கு 45 குதிரைவலு, ஆர்-1 டயர், கூடவே ஒரு சோடி இரும்புச் சில்லு. அறுபது குதிரை வாங்கும் ஆசை வந்தால், உங்கள் வட்டையின் அடித்தட்டு அதைத் தாங்குமா என்று மழைக்காலத்தில் இறங்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.