ஒரு மாயாவிக்கு இரண்டு மாடஸ்டி

எங்களுக்குள் ஒரு கணக்கு இருந்தது. ஒரு மாயாவி வேண்டுமென்றால் இரண்டு மாடஸ்டி கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் மீஞ்சூர் ஸ்டேஷன் சிமென்ட் பெஞ்சில் காமிக்ஸ் மாற்றிக்கொண்ட பையன்கள் யாரும் இந்த விலையை மீறியதில்லை. "பொம்பள கததானடா இது" என்பார்கள். அதோடு பேரம் முடிந்தது.

மாயாவி என்றால் இரும்புக்கை மாயாவி. 1972-ல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் கிளம்பியதே அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான். விபத்தில் போன கைக்குப் பதிலாக இரும்புக் கை. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியும். எண்ணூர் அனல்மின் நிலையத்துப் புகையைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இரும்பும் கரண்டும் ஊர்ச் சமாச்சாரம். எங்கள் தெருவில் பிரஸ் மெஷினில் இரண்டு விரலைப் பறிகொடுத்த மாமா ஒருவர் இருந்தார். டீ குடிக்கும்போதுகூட அந்தக் கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொள்வார். வலித்ததா என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. மாயாவிக்கு வலித்து நாங்கள் படித்ததில்லையே.

1984 ஜூலையில் இரண்டு புது இதழ்கள் வந்தன. தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ், ஜேம்ஸ் பாண்டை வைத்து 'அழகியைத் தேடி' என்று ஆரம்பித்தது. விஜயனின் லயன் காமிக்ஸ் போட்ட முதல் கதை 'கத்தி முனையில் மாடஸ்டி'. இரண்டு தலைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் பெண்ணுக்குப் பெயரே கிடையாது.

மாடஸ்டியை பீட்டர் ஓ'டொனல் 1963-ல் லண்டன் பத்திரிகை ஒன்றின் படக்கதைக்காகப் படைத்தார். அவள் போடும் அடியையெல்லாம் நாங்கள் ஒப்புக்கொண்டோம். உறுத்தியது அவளுடைய கூட்டாளி கார்வின்தான். கத்தி வீச்சில் கில்லாடி, ஆள் மலை மாதிரி. அவளை 'இளவரசி' என்று கூப்பிட்டுக்கொண்டு, சொன்னதைச் செய்வான். புருஷனும் இல்லை, காதலனும் இல்லை. "அப்புறம் இன்னாத்துக்குடா அவ பேச்ச கேக்குறான்?" பெஞ்சில் பதில் கிடைக்கவில்லை.

அக்காவுக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. யாரும் சீந்தாததால் மாடஸ்டிகள் என்னிடமே சேர்ந்தன. அடுப்படியில் சோறு வேகும் நேரத்தில் அவள் அத்தனையையும் படித்துத் தீர்த்தாள். ஸ்டேஷன் பெஞ்சுக்கு அவள் வந்ததில்லை. வந்திருந்தால் நாங்களே விரட்டியிருப்போம்.

இன்று அம்புலிமாமா இல்லை, ராணி காமிக்ஸ் இல்லை, சுட்டி விகடனும் இல்லை. லயனும் முத்துவும் தாக்குப்பிடிக்கின்றன. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் என்னைப் போல நரைத்தவர்கள். அக்கா பேத்தி அரசுப் பள்ளியில் ஏழாவது படிக்கிறாள். 2022-ல் பள்ளிக்கல்வித் துறை தொடங்கிய 'தேன்சிட்டு' அவள் வகுப்புக்கு வருகிறது. பிள்ளைகள் எழுதுவதையும் வரைவதையும் அதில் போடுகிறார்கள். இவளும் ஒன்று எழுதி அனுப்பிவிட்டு, ஒவ்வொரு இதழிலும் தன் பெயரைத் தேடுகிறாள்.

அவள் அண்ணன் பத்தாவது. அவனுக்குப் புத்தகமெல்லாம் போன்தான். ஜிம் உடம்போடு ஒருத்தர் வந்து, ஆம்பளை அழக்கூடாது, பெண்ணிடம் இறங்கிப் போகக்கூடாது என்று முப்பது விநாடியில் சொல்லிவிட்டுப் போகிறார். விரலைத் தள்ளினால் இன்னொருத்தர், அதே பேச்சு. எங்கள் மாயாவியாவது வாயால் உபதேசம் செய்ததில்லை. அதைவிட, எங்கள் பெஞ்சில் வேண்டாத சரக்கும் கைமாறிக்கொண்டே இருந்தது, அப்படித்தான் மாடஸ்டி எங்கள் வீட்டுக்குள் வந்தாள். பிடித்ததையே திரும்பத் திரும்பக் காட்டும் போனில் அவள் எந்த வழியாக வருவாள்?

போன மாதம் பரணில் பழைய கட்டு ஒன்று அகப்பட்டது. பேத்தி ஒரு காமிக்ஸைப் புரட்டிக்கொண்டே வந்தவள் ஒரு பெண் படத்தில் நின்றாள். அந்தக் காலத்தில் பெண்களின் உடை குறைவாக இருந்தால் அச்சுக்குப் போகுமுன் மையைத் தீட்டி மூடிவிடுவார்கள். அவள் அந்த இடத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"இங்க மட்டும் ஏன் தாத்தா வேற கறுப்பா இருக்குது?"