பேஸ் கிற்றாரின் பிக்கப்பும் பிரீஆம்பும்

காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் (1892–1947) தமிழ்ப் புலமையோடு விஞ்ஞானப் பட்டமும் பெற்றவர். 1947இல் வெளிவந்த அவர்தம் யாழ்நூல், பண்டை யாழின் அமைப்பையும் சுருதிகளையும் கணித வாயிலாக ஆராய்வது. யாழில் நரம்பின் மெல்லொலியைப் பெருக்கியது பத்தர் என்னும் உறுப்பு. மின் பேஸ் கிற்றாருக்கோ பத்தர் இல்லை. அதன் உடல் திண்ணிய பலகை. ஆதலின் தந்தியின் அதிர்வை மின்னாக மாற்றுதற்குப் பிக்கப்பும், அம்மின்னைச் செம்மை செய்தற்குப் பிரீஆம்பும் வேண்டப்படுகின்றன. ஒலி குன்றியவிடத்து இவ்விரண்டனுள் எதனை மாற்றுவது என்பதே வினா.

பிக்கப் என்பது காந்தத்தைச் சூழ்ந்த செப்புக்கம்பிச் சுருள். உருக்குத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகின்றது. சுருளில் மின் எழுகின்றது. பித்தளைத் தந்தியும் நைலோன் தந்தியும் இதற்குப் புலனாகா. பிக்கப் அமைந்த இடமும் பெரிதும் நோக்கற்பாலது. குதிரைக்கு அண்மையில் மேற்றொனிகள் மிகும். கழுத்துப்புறத்தில் அடிப்படைச் சுரம் ஓங்கும். வீணையிலும் மீட்டும் இடம் மாற நாதம் மாறுதலைப் பயின்றோர் அறிவர்.

லியோ ஃபெண்டர் 1951இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸில் ஒற்றைச் சுருளே இருந்தது. அத்தகைய சுருள் மின்வழங்கலின் இரைச்சலையும் உடன்பற்றும். 1957இல் அச்சுருள் இரு கூறாக்கப்பட்டு, ஒரு கூறு பற்றும் இரைச்சலை மற்றையது அழிக்குமாறு அமைந்தது. இரைச்சலே குறையாயின் இவ்வகைப் பிக்கப்பே மருந்து. பிரீஆம்ப் அவ்விரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். 1960இல் வந்த ஜாஸ் பேஸ் இரு பிக்கப்புகளைக் கொண்டு, இருவகை நாதத்தையும் கலக்க இடந்தந்தது.

1976இல் மியூசிக் மேன் நிறுவனத்தின் ஸ்டிங்ரே, பிரீஆம்பைக் கிற்றாரின் உள்ளேயே பொருத்தி வந்தது. நீண்ட கேபிளில் உயர்தொனிகள் மங்குவதைத் தடுத்தலும், மந்தரத்தையும் தாரத்தையும் வேண்டியவாறு கூட்டிக் குறைத்தலும் அதன் தொழில். பிக்கப் பற்றாத மேற்றொனியை எந்தப் பிரீஆம்பும் படைத்துத் தராது. ஆதலின் நாதத்தின் இயல்பே பிடிக்காதவர் பிக்கப்பையும், இயல்பு பிடித்தும் கட்டுப்பாடு போதாதவர் பிரீஆம்பையும் நாடுதல் தகும். காந்தத்தின் பெயரை மட்டும் கேட்டு வாங்குவோரே பெரிதும் ஏமாறுவர். சுருளின் சுற்று எண்ணிக்கையும் நாதத்தை ஆள்வது.

காரைதீவு போன்ற கடலோர ஊர்களில் முதற் குற்றவாளி பெரும்பாலும் உப்புக்காற்றே. துருவேறிய தந்தி எத்துணை விலையுயர்ந்த பிக்கப்பின் மேலும் மங்கியே ஒலிக்கும். புதிய தந்தி பூட்டிப் பார்த்தல் வேண்டும். பின்னர்த் திருகாணியால் பிக்கப்பின் உயரத்தைச் சீர்செய்தல் வேண்டும்; காந்தம் மிக நெருங்கின் தந்தியை ஈர்த்துச் சுருதியைக் கெடுக்கும். இவற்றாற் குறை நீங்காதபோதே பழைய பிக்கப்பின் நீள அகலத்தையும் தந்திகளின் இடைவெளியையும் அளந்து கடைக்குச் செல்லலாம். பிரீஆம்ப் வாங்குவோர் உள்ளறையில் 9 வோல்ட் பற்றரிக்கு இடமுண்டோ என்பதையும் பார்த்தல் நன்று. வாசித்து முடிந்ததும் கேபிளைக் கழற்றாவிடின் அப்பற்றரி வீணே தீரும்.