"உளுத்துப் போச்சு"ன்னு தூக்கிப் போடாதீங்க! பழைய கட்டில், அலமாரியை வீட்டிலேயே புதுசாக்கலாம்

நாகப்பட்டினம்:

கடல் காற்று வீசும் நாகையில் இரும்பு பீரோ சில வருடங்களிலேயே துருப்பிடித்து விடும். தூளை அழுத்தி செய்த பலகை மேஜை ஒரு மழைக்காலம் ஈரம் குடித்தாலே உப்பி உதிர்ந்து விடும். தாத்தா காலத்து தேக்கு கட்டில் மட்டும் கல்லு மாதிரி நிற்கும்.

ஆனாலும் நிறம் மங்கியது, கால் ஆடுகிறது என்று அதைத்தான் பலர் வந்த விலைக்கு தள்ளி விடுகிறார்கள். அதே மாதிரி சாமான்களை காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு பழம்பொருள் கடைகளில் வெளியூர்க்காரர்கள் தேடிப்போய் வாங்குகிறார்கள்.

கொஞ்சம் பொறுமை இருந்தால், பழைய மர சாமானை வீட்டிலேயே புதுசு போல மாற்றி விடலாம். அதற்கான வழிமுறைகள் வருமாறு:-

வாங்கும் முன் கவனிக்க

மேலே மினுமினுக்கும் பாலிஷை பார்த்து ஏமாறக்கூடாது. அலமாரியின் பின்பக்கம், இழுப்பறையின் அடிப்பக்கம் ஆகியவற்றை பார்க்க வேண்டும். அங்கேதான் மரத்தின் உண்மை நிறம் தெரியும்.

சின்னச்சின்ன ஓட்டை இருந்தாலே மரம் கெட்டு விட்டது என்று அர்த்தம் இல்லை. தேக்கின் நடுப்பகுதியான வைரத்தில் இயற்கையாகவே எண்ணெய் சத்து இருப்பதால் வண்டு அதை எளிதில் தொடாது. வெளுத்த ஓரப்பகுதியைத்தான் துளைக்கும். சாமானுக்கு அடியில் கருப்புத் துணியை விரித்து சில நாட்கள் விட்டுப் பாருங்கள். மாவு போல புதுத்தூள் விழுந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது. விழவில்லை என்றால் பெரும்பாலும் அது பழைய ஓட்டைதான்.

மண்ணெண்ணெய் ஊற்றுவது பலரது பழக்கம். அது பட்ட பூச்சி மட்டுமே சாகும், மருந்து மரத்தில் தங்காது. தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. பாலிஷ் நீக்கிய வெறும் மரத்தில் போரிக் அமிலமும் வெண்காரமும் கலந்த தண்ணீரை பூசினால் பாதுகாப்பு நீடிக்கும். இதை குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

உப்புத்தண்ணீர் பட்டதா?

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந்தேதி சுனாமியின் போதும், 2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந்தேதி கஜா புயலின் போதும் இந்த மாவட்ட மக்கள் வீட்டு சாமான்களை வாரிக்கொடுத்தார்கள். வெள்ளத்தில் நனைந்த மரத்தை "சீக்கிரம் காயட்டும்" என்று வெயிலில் போடுவதுதான் பெரிய தப்பு. மேல்பக்கம் சட்டென்று காய்ந்து, உள்ளே ஈரம் நிற்பதால் பலகை வெடிக்கும், கோணலாகும்.

முதலில் நல்ல தண்ணீரில் உப்பு போக கழுவ வேண்டும். உப்பு தங்கினால் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பிறகு காற்றோட்டமான நிழலில் வாரக்கணக்கில் ஆற விட வேண்டும். துருப்பிடித்த இரும்பு ஆணிகளை பிடுங்கி விட்டு, பித்தளை திருகாணி போடுவது நல்லது.

ஆடும் காலுக்கு ஆணி வேண்டாம்

கால் ஆடினால் பலரும் ஆணி அடிக்கிறார்கள். இதனால் மரம் பிளக்கும். பொருத்தை மெல்ல தட்டிக் கழற்றி, பழைய பசையை சுரண்டி எடுத்து, ஃபெவிகால் தடவி மீண்டும் பொருத்த வேண்டும். சுற்றிலும் கயிறு கட்டி, இடையில் ஒரு குச்சியை நுழைத்து முறுக்கினால் பொருத்து இறுகும். ஒரு நாள் முழுக்க அப்படியே விட வேண்டும்.

சுரண்டும் முன் சோதனை

மறைவான மூலையில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் தேய்த்துப் பாருங்கள். பாலிஷ் பிசுபிசுவென்று கரைந்தால் அது அரக்கு. முழுசாக சுரண்ட வேண்டிய வேலையே இல்லை. அழுக்கை துடைத்து, மேலே புதுசாக பூசினால் போதும்.

பெயிண்ட் அடித்த சாமான் என்றால் உஷார். பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017-ம் ஆண்டு நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அந்த தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியை பாதிக்கும். எனவே உலர்வாக தேய்க்காமல், தண்ணீர் நனைத்து தேய்க்கும் உப்புத்தாளை பயன்படுத்த வேண்டும். முகக்கவசம் அவசியம். குழந்தைகள், கர்ப்பிணிகள் பக்கத்தில் இருக்கக்கூடாது.

வெறும் மரம் என்றால் 80, 120, 220 என்று வரிசையாக உப்புத்தாள் போட வேண்டும். மர ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கீறல் பாலிஷுக்குள் பளிச்சென்று தெரியும்.

அரக்கு பாலிஷ்

ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் சுமார் 200 கிராம் அரக்கை ராத்திரி முழுக்க ஊற வைத்து, துணியில் வடிகட்ட வேண்டும். கண்ணாடி பாட்டில் நல்லது. பஞ்சை துணியில் சுற்றி, மெல்லிசாக 4 அல்லது 5 தடவை பூச வேண்டும். பக்கத்தில் அடுப்பு, விளக்கு எரியக்கூடாது. பூசிய பிறகு, சூடான காபி டம்ளரை அதன் மேல் நேரடியாக வைத்தால் வெள்ளை வட்டம் விழும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாலிஷ் வேலையை தொடவே வேண்டாம். காற்றில் ஈரம் இருந்தால் அரக்கு வெளுத்துப் போகும். மாசி, பங்குனி தோதான மாதங்கள்.

ஆளிவிதை எண்ணெய் பூசுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எண்ணெய் துடைத்த துணியை சுருட்டி மூலையில் போட்டால், தானாகவே சூடேறி தீப்பிடிக்கும். விரித்து காய வைக்க வேண்டும், அல்லது தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும்.

இத்தனையும் ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை. ஆனால் சுனாமியையும் கஜாவையும் தாங்கி நின்ற கட்டிலை பழைய சாமான் கடையில் போட்டு விட்டால், அதே மாதிரி மரம் திரும்பக் கிடைப்பது கஷ்டம். விற்கும் முன், ஈரத்துணியால் ஒரு மூலையை துடைத்துப் பாருங்கள். ரேகை தெரிகிறதா? அப்படியானால் கட்டில் வீட்டிலேயே இருக்கட்டும்.