சிறுநீரகக் கல் அறுவையும் கதிர்வீச்சும்

சிறுநீரகக் கல்லை அகற்றும் அறுவைக்கு வருவோர், மேசையில் படுத்தபின் எங்களைப் பார்த்துக் கேட்பதுண்டு: "டாக்டர், நீங்கள் எல்லோரும் கனமான அங்கி போட்டிருக்கிறீர்கள். எனக்கு மட்டும் ஏன் இல்லை?" நியாயமான கேள்வி. முதுகில் ஊசி போட்டு விழித்திருப்போரே இதைக் கேட்க இயலும். வெளியே காத்திருக்கும் குடும்பத்தாருக்கும் இந்த ஐயம் எழலாம் என்பதால் இங்கே விளக்குகிறோம்.

அந்த அங்கியினுள் ஈயம் இருக்கிறது. கல் எங்கே உள்ளது, வழிகாட்டிக் கம்பி சரியான பாதையில் செல்கிறதா என்பவற்றைச் சி-ஆர்ம் என்னும் எக்ஸ்-ரே கருவியின் திரையில் பார்க்கிறோம். கதிர்கள் நோயாளியின் வயிற்றை ஊடுருவினால்தான் படம் கிடைக்கும். குறுக்கே ஈயத்தை வைத்தால் கல் தெரியாது. உடலில் பட்ட கதிர்களில் ஒரு பகுதி நாற்புறமும் சிதறுகிறது. நோயாளிக்கு அது எப்போதோ ஒருமுறை. நாங்களும் செவிலியரும் ஆண்டு முழுவதும் அச்சிதறலின் நடுவில் நிற்கிறோம்.

கதிர்வீச்சின் அளவை மில்லிசீவெர்ட் என்னும் அலகால் குறிப்பர். மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானிலிருந்தும் மனிதர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவெர்ட் பெறுகின்றனர். மணவாளக்குறிச்சி போன்ற கனிம மணல் கடற்கரைகளில் இது இன்னும் கூடுதல். வழக்கமான வயிற்று சி.டி. ஸ்கேன் ஏறத்தாழ 10 மில்லிசீவெர்ட் தரக்கூடும். கல்லைக் காண்பதற்கென்றே கதிர் குறைத்து எடுக்கப்படும் சி.டி. பெரும்பாலும் 4-க்குள் அடங்கிவிடும். எனவே ஓர் அறுவையைவிட, பல ஆண்டுகளில் சேரும் மொத்த அளவையே நாங்கள் கவலையோடு பார்க்கிறோம். கல் திரும்பத் திரும்ப வரக்கூடிய நோய். இருபது வயதில் முதல் கல் வந்தவருக்கு முன்னே இன்னும் எத்தனை ஸ்கேன்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

அரங்கில் கதிரைக் குறைக்கும் வழிகள் எளியவையே. சி-ஆர்ம் கால்மிதியை அழுத்தினால் மட்டுமே இயங்கும். தேவையற்ற நொடியில் காலை எடுத்துவிடுகிறோம். கடைசிப் படம் திரையில் நிலைத்து நிற்பதால், யோசிக்கும் நேரத்துக்குக் கதிர் வேண்டியதில்லை. விநாடிக்கு 25 அல்லது 30 படங்களுக்குப் பதிலாக நான்கைந்து படங்களே பெரும்பாலும் போதும். கதிர்க்கற்றையைக் கல் உள்ள இடத்தளவுக்குக் குறுக்குகிறோம். முதுகுவழித் துளையிடும் அறுவையில், ஊசியைச் செலுத்த இயன்றபோது அல்ட்ராசவுண்ட் துணையை நாடுகிறோம். அதில் கதிர்வீச்சே கிடையாது. சிறுநீர்ப்பாதை வழியே நுழையும் உள்நோக்கிக் கருவியின் கேமராவிலேயே பல கட்டங்களைக் கண்ணால் பார்த்துவிடலாம்.

ஆயினும் கதிர்வீச்சு அறவே கூடாது என்று எல்லா அறுவையிலும் பிடிவாதம் காட்டுவதை நாங்கள் ஏற்பதில்லை. கம்பி எங்கே போகிறது என்று தெரியாமல் செலுத்திச் சிறுநீர்க்குழாய் கிழிந்தால், அத்தீங்கு சில விநாடிக் கதிரைவிடப் பன்மடங்கு பெரிது. காய்ச்சலோடு சிறுநீர் அடைபட்ட நிலையில், கதிருக்கு அஞ்சி ஸ்கேனைத் தள்ளிப்போடுவதும் உயிருக்கே ஆபத்தாகலாம்.

பெண்களிடம் கடைசி மாதவிடாய்த் தேதியைக் கேட்பது சடங்குக்காக அன்று. கருவுற்றிருந்தால் முதலில் அல்ட்ராசவுண்ட் மட்டுமே செய்வோம். சிகிச்சைத் திட்டமும் மாறும். உறவினர் சூழ்ந்திருக்கையில் சொல்லத் தயக்கமாக இருந்தால், செவிலியரைத் தனியே அழைத்துச் சொல்லுங்கள். நாள் தள்ளிப்போயிருக்கிறது என்ற சிறு ஐயமானாலும் போதும்.

உங்களால் ஆகக்கூடிய பெரிய உதவி, பழைய ஸ்கேன்களைத் தவறாமல் கொண்டுவருவது. அறிக்கைத் தாள் மட்டும் போதாது. குறுந்தகடும் படங்களும் வேண்டும். கைபேசியில் எடுத்த படத்தில் கல்லின் அளவை எங்களால் நம்பிக் கணிக்க இயலாது. அவை இல்லாதபோதுதான் அதே ஸ்கேனை மறுபடி எடுக்க நேர்கிறது. புதிதாக சி.டி. எழுதித் தரப்பட்டால், "கதிர் குறைத்து எடுக்கலாமா, அல்ட்ராசவுண்ட் போதுமா?" என்று தயங்காமல் கேளுங்கள். அறுவைக்குப் பின் பலருக்கு அல்ட்ராசவுண்டே போதுமானது.

உள்ளே ஸ்டென்ட் வைக்கப்பட்டவர்கள் அதை எடுக்கும் நாளை மறக்கலாகாது. மாதக்கணக்கில் விட்டுவிட்டால் ஸ்டென்ட்டின் மேலேயே கல் படிந்து, மீண்டும் அறுவையும் எக்ஸ்-ரேயும் தேவைப்படும். அந்தத் தேதி உங்கள் வீடு திரும்பும் சீட்டில் எழுதப்பட்டிருக்கும். இல்லையெனில் புறப்படும் முன் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.