மூன்று தேக்கரண்டி நீர்

நீரில் வாழும் உயிர்கள் செதில், சளி, கழிவு என்று உடலின் துணுக்குகளை ஓயாமல் உதிர்க்கின்றன. அவற்றோடு நீரில் கலந்துவிடும் மரபுப்பொருள்தான் சுற்றுச்சூழல் டிஎன்ஏ. அதைப் பிரித்தெடுத்து, பிசிஆர் முறையில் பல மடங்கு பெருக்கி, ஏற்கெனவே பதிவான டிஎன்ஏ தொகுப்போடு ஒப்பிட்டால், அங்கே எவை வாழ்கின்றன என்பது தெரியவரும். வலை வீச வேண்டாம். ஒரு மீனைக்கூடப் பிடிக்க வேண்டாம்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இம்முறையை இரண்டு நீர்த்தேக்கங்களில் சோதித்து, 2016இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒவ்வொன்றிலும் 42 மாதிரிகள். ஒரு மாதிரிக்கு வெறும் 15 மில்லிலிட்டர், அதாவது மூன்று தேக்கரண்டி நீர். ஒரு நீர்த்தேக்கத்துக்கு மொத்தம் 630 மில்லிலிட்டர். ஒரு தண்ணீர்ப் போத்தலில் அடங்கிவிடும். அவ்வளவு நீரே 500க்கும் மேற்பட்ட விலங்கினங்களின் தடயங்களைத் தந்தது. அப்போது அண்மையில் கண்டறியப்பட்டிருந்த அந்நிய நத்தை ஒன்று அங்கே இருப்பது உறுதிப்பட்டது. 2007க்குப் பிறகு அங்கே எவர் கண்ணிலும் படாத அரிய உள்ளூர் உளுவை மீன் இன்னும் பிழைத்திருப்பதற்கும் சான்று கிடைத்தது. காட்டின் பெரும்பகுதியை இழந்துவிட்ட ஒரு தீவுக்கு இது சிறிய செய்தி அல்ல.

ஆனாலும் அந்த 500க்கும் மேற்பட்டவற்றில் 105ஐ மட்டுமே இனம், பேரினம் அல்லது குடும்ப அளவில் அடையாளம் காண முடிந்தது. மற்றவற்றுக்கு ஒப்பிடப் பதிவுகள் இல்லை. எத்தனை மீன்கள், என்ன வயது என்பதையும் இம்முறை சொல்லாது. ஓடும் நீரில் இன்னொரு சிக்கல் உண்டு. எடுத்துக்காட்டாக, சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவை ஒட்டிச் செல்லும் ரோச்சோர் கால்வாயின் நீர் மரினா நீர்த்தேக்கத்தைச் சேர்கிறது. தேக்கத்தில் அள்ளிய நீரில் கால்வாயில் உதிர்ந்த செதிலின் டிஎன்ஏவும் இருக்கலாம்.